கோட்டை முதல் மணிக்கூட்டுக் கோபுரம் வரை: எந்த ஆண்டுக்கு எந்தக் கொடி?

பாடசாலைக் கண்காட்சிக்கோ மரபுரிமை விழாவுக்கோ யாழ்ப்பாணத்துக் கட்டடங்களில் பழைய கொடிகளைக் காட்டப்போகிறீர்களா? துணி வாங்க முன் ஆண்டை முடிவுசெய்யுங்கள். நாட்டின் பெயரை மட்டும் பார்த்துக் கொடி தைப்பதால்தான் பிழை வருகிறது.

யாழ்ப்பாண அரசின் நந்திக்கொடிக்கு நல்ல மாதிரி, அதை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளின் சேது நாணயம். அதில் இடபம் கால் மடித்துப் படுத்திருக்கும். மேலே பிறை, கீழே ‘சேது’ என்ற எழுத்து. நிற்கிற காளையின் படத்தை வெட்டி ஒட்டாதீர்கள். எங்கள் அரசின் அடையாளம் இது. அதைச் சரியாக வரைவது எங்கள் பொறுப்பு.

1619இல் யாழ்ப்பாண மன்னன் சங்கிலிகுமாரனை வென்ற போர்த்துக்கேயருக்கு இன்றைய பச்சை, சிவப்புக் கொடி பொருந்தாது. அது 1910 புரட்சிக்குப் பின் வந்தது. வெள்ளைத் துணியின் நடுவில் முடி சூடிய அரச கேடயத்தைத் தையுங்கள்.

1658இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தருக்கு மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை, கீழே நீலம். வெள்ளைப் பட்டையில் கிழக்கிந்தியக் கம்பனியின் முத்திரை: பெரிய ‘வி’, அதன் இரு கைகளையும் வெட்டிச் செல்லும் ‘ஓ’, ‘சி’. மெல்லிய துணியில் இந்த எழுத்து பின்புறத்தில் இடம் வலம் மாறித் தெரியும். இரண்டு துணிகளுக்கிடையே தடித்த வெள்ளைத் துணி வைத்துத் தைத்தால் தெரியாது. ஆனால் கொடி பாரமாகிவிடும். சுவரில் விரித்துக் கட்டவே அது உகந்தது.

ஆங்கிலேயர் கொடியில் கூடுதல் கவனம் வேண்டும். 1795இல் அவர்கள் கோட்டைக்குள் வந்தபோது யூனியன் ஜாக்கில் அயர்லாந்துக்குரிய சிவப்பு மூலைக்கோடுகள் இல்லை; நீலத்தின் மேல் வெள்ளை மூலைக்கோடுகளும், நடுவில் வெள்ளை விளிம்புள்ள சிவப்புச் சிலுவையும் மட்டுமே. சிவப்பு மூலைக்கோடுகள் 1801இல் சேர்ந்தன. வேல்ஸ் இளவரசரின் 1875 வருகை நினைவாக எழுந்த மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு இந்தப் பிந்திய வடிவமே சரி. இதைத் தலைகீழாகக் கட்டினால் பலருக்குத் தெரியாது: கம்பத்தை ஒட்டிய பாதியில் அகன்ற வெள்ளை, சிவப்புக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

குடியேற்ற ஆட்சிக் கொடிகளைக் கம்பத்தில் ஏற்றாமல், ஆண்டு எழுதிய அட்டையுடன் சுவரில் கிடையாகக் கட்டுங்கள். கம்பத்தில் ஏற்றுவது மரியாதை செலுத்துவதாகிவிடும். சுவரில் கட்டினால் அது வரலாற்றுச் சான்றாக நிற்கும்.

கம்பத்தில் ஏற்றும் மற்றக் கொடிகளுக்கு வருவோம். 20 அடிக் கம்பத்துக்கு 5 அடி நீளம், 3 அடி அகலக் கொடி அளவானது. பருத்தித் துணியை வெட்ட முன் நனைத்து உலர்த்துங்கள், பிறகு சுருங்காது. சிவப்புத் துணியைச் சாயம் போகும்வரை தனியே அலசாவிட்டால் முதல் மழையிலேயே வெள்ளை இளஞ்சிவப்பாகும். சோளகக் காற்றில் முதலில் கிழிவது கம்பத்துக்கு எதிர்ப்பக்க விளிம்பு. அதை இரண்டு தரம் மடித்து நான்கு வரிசை தையல் போடுங்கள். கடலேரிக் காற்றின் உப்பு இரும்பு வளையத்தைத் துருப்பிடிக்க வைத்துத் துணியையும் கறையாக்கும். பித்தளை வளையமும் நைலோன் கயிறும் நல்லது.

பக்கத்தில் தேசியக் கொடி இருந்தால் அதற்குத் தனிக் கம்பம் வேண்டும். வேறெந்தக் கொடியும் அதைவிட உயரக் கூடாது. பச்சை, செம்மஞ்சள் பட்டைகள் கம்பத்தை ஒட்டி வரும். 1948ஐக் காட்டும் பகுதியில் அந்தப் பட்டைகள் இல்லாத சிங்கக்கொடியை வையுங்கள். அவை 1951இல்தான் சேர்க்கப்பட்டன.