தலையணை உறைக்குத் துணி எடுப்பதும் நேர் பார்த்து வெட்டுவதும்

தையல் பழக ஆரம்பித்ததும் சாட்டின், ஜார்ஜெட் பக்கம் போகாதீர்கள். துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாகமான பிரஷர் ஃபுட்டுக்கு அடியில் வழுக்கும். வெட்டிய ஓரம் பிரிந்துகொண்டே வரும். முதல் சில உருப்படிகளுக்கு காட்டன் பாப்ளின்தான் நல்லது. 17க்கு 27 அங்குலத் தலையணை இரண்டுக்கு உறை தைப்பதாக வைத்துக்கொள்வோம்.

1. கடையில்

44 பன்னா பாப்ளின் 1.75 மீட்டர் கேளுங்கள். பன்னா என்றால் துணியின் அகலம், அங்குலக் கணக்கில். 36 பன்னாவில் இரண்டாவது உறைக்கு அகலம் வராது.

துணியின் ஒரு மூலையை விரல்களுக்கு நடுவே நன்றாகக் கசக்குங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் கஞ்சி ஏற்றிய துணி. ஒரு சலவையில் தொளதொளத்துவிடும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் இழைகளுக்கு நடுவே சந்து தெரிகிறதா? அப்படியானால் வேண்டாம். தலை அழுந்த அழுந்தத் தையலோரத்தில் இழை விலகும்.

காட்டனா, பாலியஸ்டர் கலப்பா என்று சந்தேகமிருந்தால் நாலைந்து இழையை உருவி, இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். காட்டன் காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். கலப்புத் துணி உருகி, நுனியில் கெட்டி மணியாக நிற்கும். அது வியர்வையைச் சரியாக உறிஞ்சாது, தலையணைக்கு ஆகாது.

2. நனைத்தல்

பச்சைத் தண்ணீரில் நான்கு மணி நேரம் ஊறப்போட்டு, முறுக்காமல் நிழலில் உலர்த்தி, லேசான ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். காட்டன் 5 சதவீதம் வரை சுருங்கும். ஓர் உறைக்கு வெட்டப்போகும் 64 அங்குல நீளத்தில் இது 3 அங்குலத்துக்கு மேல். நனைக்காமல் தைத்தால் முதல் சலவைக்குப் பின் தலையணை உறைக்குள் ஏறாது.

3. நேர் பார்த்தல்

உறை முறுக்கிக்கொண்டு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. கரையை, அதாவது துணியின் பிரியாத நெய்த ஓரத்தை, ஒட்டி நீளவாக்கில் ஓடுவது பாவு நூல். குறுக்கே ஓடுவது ஊடை. நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள், துணி அசையாது. குறுக்கே கொஞ்சம் கொடுக்கும். மூலைக்கு மூலை, அதாவது கிராஸில் இழுத்தால் நன்றாக நீளும். அந்த வாக்கில் வெட்டிய உறை கோணிக்கொள்ளும்.

கரையில் அரை அங்குலம் கத்தரித்து, ஓர் ஊடை நூலை நகத்தால் பிடித்து மெல்ல இழுங்கள். துணி சுருங்கிக்கொண்டு வரும், நூல் போன தடம் மெல்லிய கோடாகத் தெரியும். அந்தக் கோட்டிலேயே வெட்டுங்கள். நூல் பாதியில் அறுந்தால் தடம் முடிந்த இடம்வரை வெட்டி, அங்கிருந்து மறுபடி இழுக்கலாம்.

4. வெட்டித் தைத்தல்

64 அங்குல நீளம், 19 அங்குல அகலத்தில் இரண்டு துண்டுகள். நீளம் கரையோடு போகட்டும். அகல ஓரங்கள் இரண்டையும் ஓர் அங்குலம் மடித்துத் தையல் அடியுங்கள், நீளம் 62 மிஞ்சும். நல்ல பக்கம் மேலே தெரிய விரித்து, ஒரு முனையிலிருந்து 28 அங்குலம் மடக்குங்கள். எதிர்முனையில் மிஞ்சும் 6 அங்குலத்தை அதன்மேல் கவிழ்த்து, இரு பக்கமும் அரை அங்குலம் விட்டுத் தைத்துத் திருப்புங்கள்.

பாப்ளினுக்கு 14 எண் ஊசி, அங்குலத்துக்குப் பத்துத் தையல். மெல்லிய மல் துணிக்கு 11, கேன்வாஸுக்கு 16. பனியன் துணிக்கு முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி வேண்டும். சாதாரண ஊசி தையலைத் தாண்டிவிடும், இழையையும் குத்தி ஓட்டை போடும்.