உழவர் வீட்டு ஓவியங்களைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

17ஆம் நூற்றாண்டு டச்சு ஓவியங்களில் உழவர் வீட்டின் உட்புறம் அடிக்கடி வரும். புகை படிந்த கூரை, அடுப்பு, உருண்டு கிடக்கும் குடுவை, தரையில் ஒரு குழந்தை. பார்த்ததும் 'அந்தக் காலத்துக் கிராமம் இப்படித்தான் இருந்திருக்கிறது' என்று முடிவுகட்டி விடுகிறோம். மற்றத் தவறுகள் பெரும்பாலும் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

ஆட்ரியான் வான் ஓஸ்டாட (1610–1685) ஹார்லெம் நகரத்துக்காரர். இளமையில் அவர் வரைந்த உழவர்கள் இருட்டுக் கொட்டகைகளில் குடித்துக் கூத்தடிக்கிறார்கள், அடித்துக்கொள்கிறார்கள். 1650களுக்குப் பிறகு வரைந்தவற்றிலோ சன்னல் வெளிச்சத்தில் குடும்பம் அமைதியாக அமர்ந்திருக்கிறது. இடையில் கிராமம் திருந்திவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. ஓவியரின் பார்வை மாறியது, படம் வாங்கிய நகரத்தாரின் ரசனையும் மாறியது. யார் வீட்டுச் சுவருக்காக இது வரையப்பட்டது என்பதை முதலில் கேட்டுப் பாருங்கள். படத்தில் இருக்கும் உழவர் அதை வாங்கியவர் அல்லர்.

இதற்கு நேரெதிரான தவறு, ஒவ்வொரு பொருளையும் சங்கேதமாகப் படிப்பது. நாய் என்றால் விசுவாசம், உடைந்த பானை என்றால் இழந்த கற்பு என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு தேடுவார்கள். குறியீடுகள் உண்டு, மறுக்கவில்லை. அதே நூற்றாண்டு டச்சு ஓவியர் ஃபெர்மீர் வரைந்த 'பால் ஊற்றும் பெண்' கிராமத்துக் காட்சி இல்லை என்றாலும் இதற்கு நல்ல உதாரணம். அதில் தரையில் காலுக்குச் சூடேற்றும் பெட்டி இருக்கிறது, அதன் பின்னால் சுவரோரத்து ஓடு ஒன்றில் மன்மதன். காதலைச் சுட்டுகின்றன என்று பலர் விளக்கியிருக்கிறார்கள். அதே இடத்தில் அவர் முதலில் நெருப்புக் கூடை ஒன்றை வரைந்து பிறகு மறைத்திருக்கிறார் என்பது 2022இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. அவள் தலைக்குப் பின்னால் இருந்த குடுவைத் தாங்கியையும் அழித்துவிட்டார். வெற்றுச் சுவரும் பால் தாரையும் மிஞ்சின. என்ன வரைந்தார் என்பதோடு எதை நீக்கினார் என்பதும் பொருள் சொல்கிறது. எந்தக் குறியீட்டுப் பட்டியலிலும் இது கிடைக்காது.

வறுமையை அவசரப்பட்டு அளப்பது இன்னொன்று. பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ள, பிரெஞ்சு ஓவியர்களான லெ நேன் சகோதரர்களின் உழவர் குடும்பப் படத்தில் பிள்ளைகள் வெறுங்காலுடன் இருக்கிறார்கள். ஆனால் மேசையில் வெள்ளைத் துணி, ஒரு பெண்ணின் கையில் திராட்சை மதுக் கிண்ணம். இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் படம் கைநழுவிப் போகும்.

கரடுமுரடான வரைவைக் கைத்திறன் குறைவு என்று நினைப்பதும் உண்டு. வான் கோ 1885இல் நெதர்லாந்தின் நியூனன் கிராமத்தில் வரைந்த 'உருளைக்கிழங்கு உண்பவர்கள்' படத்தின் கல்லச்சுப் பிரதியைப் பார்த்து அவருடைய ஓவிய நண்பரே அப்படித்தான் கடிந்துகொண்டார். வான் கோவோ, தட்டில் நீளும் அதே கைகளால்தான் அவர்கள் மண்ணைத் தோண்டினார்கள் என்பதைக் காட்ட விரும்பியதாகத் தம்பிக்கு எழுதினார். அந்தக் கைகளில் புடைத்துத் தெரியும் கணுக்கள் அதற்காகவே.

கடைசியாக, தலைப்பு. 17ஆம் நூற்றாண்டுப் படங்கள் பலவற்றுக்கு இன்று வழங்கும் பெயர்கள் ஓவியர் வைத்தவை அல்ல, பின்னால் வந்தவர்கள் சூட்டியவை. படத்தைப் பார்த்து முடித்த பிறகு அதைப் படியுங்கள்.