புராக்ஸ்மாக்ஸ் கிளஸ்டரில் விஎம் கன்சோல்: வழக்கமாகச் செய்யும் தவறுகள்

புராக்ஸ்மாக்ஸ் என்பது பல சர்வர்களை (நோடுகளை) ஒரே கிளஸ்டராக இணைத்து, அவற்றில் விஎம்களை (மெய்நிகர் கணினிகளை) ஓட்டும் மென்பொருள். ஒரு விஎம்மின் திரையைப் பிரவுசரில் காட்டுவதுதான் கன்சோல். எஸ்எஸ்எச் (நெட்வொர்க் வழியாகப் பாதுகாப்பாக உள்ளே நுழையும் முறை) ஒழுங்காக வேலை செய்யும்வரை அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. விஎம்மின் நெட்வொர்க் அமைப்பைக் கெடுத்துக்கொண்ட நாளில்தான் அதன் ஞாபகம் வரும். அன்றைக்குப் பார்த்து அதுவும் திறக்காது. முதல் தவறே இதுதான்: தேவைப்படும் முன் சோதித்துப் பார்க்காதது.

சோதிக்கும்போதும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு நோடின் வெப் பக்கத்தில் இருந்துகொண்டு இன்னொரு நோடில் ஓடும் விஎம்மின் கன்சோலைத் திறந்தால், அந்த இணைப்பு இரண்டு நோடுகளுக்கும் இடையே எஸ்எஸ்எச் வழியாகப் போகிறது. நடுவில் ஒரு நோடை அதே பெயரில், அதே ஐபியில் மறுபடி இன்ஸ்டால் செய்திருந்தால் மற்ற நோடுகளிடம் இருக்கும் அதன் பழைய ஹோஸ்ட் கீ (நோடை அடையாளம் காட்டும் சாவி) பொருந்தாது. கிளஸ்டரில் எல்லாம் பச்சையாகவே தெரியும், கன்சோல் மட்டும் வராது. உடனே ஃபயர்வாலை நோண்டாதீர்கள். அந்த விஎம் ஓடும் நோடின் வெப் பக்கத்திலேயே (8006 போர்ட்) நேராக நுழைந்து பாருங்கள். அங்கே திறந்தால் சந்தேகம் கீ மேல்தான். 'பிவிஈசிஎம் அப்டேட்சர்ட்ஸ்' (pvecm updatecerts) கட்டளையை ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

புராக்ஸ்மாக்ஸுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் (கோரிக்கைகளை வாங்கிக் கடத்தும் வெப் சர்வர்) வைத்திருப்பவர்களுக்கு வேறு தலைவலி. பக்கமெல்லாம் நன்றாக வரும், ஆனால் வெப்சாக்கெட்டுக்கான (இருபக்கமும் திறந்தே இருக்கும் இணைப்பு) அப்கிரேட் ஹெட்டரைக் கடத்தாவிட்டால் நோவிஎன்சி (பிரவுசரில் விஎம் திரையைக் காட்டும் கருவி) இணையாது. அதைச் சரிசெய்த பிறகும், சும்மா விட்ட கன்சோல் 60 விநாடியில் அறுந்தால், அது என்ஜின்எக்ஸின் இயல்பான ரீட் டைம்அவுட் (தரவு வராமல் காத்திருக்கும் வரம்பு). அதைக் கூட்டுங்கள்.

சீரியல் கன்சோலில் (திரைக்குப் பதில் வெறும் எழுத்தாக வரும் கன்சோல்) பாதி வேலையோடு நின்றுவிடுகிறார்கள். விஎம்முக்கு சீரியல் போர்ட் சேர்த்தால் மட்டும் போதாது. உள்ளே இருக்கும் லினக்ஸ் கெர்னலுக்கும் அந்தப் போர்ட்டைக் கன்சோலாகச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் வெறும் கருப்புத் திரைதான். இன்னொன்று, விஎம்முக்குள் இருந்து ரீபூட் செய்தால் புதிய போர்ட் வராது. முழுதாக நிறுத்தி, அப்புறம் தொடங்க வேண்டும். கொஞ்சம் மெனக்கெடத்தான் வேண்டும், ஆனால் செய்து வைக்கலாம்: நோவிஎன்சியைவிட இதில் காப்பி-பேஸ்ட் எவ்வளவோ சுலபம்.

சிலர் இத்தனை தொல்லை எதற்கு என்று விஎன்சியை (தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் முறை) 5900 போர்ட்டில் எல்லா முகவரிக்கும் திறந்துவிடுகிறார்கள். மோசமான யோசனை. வழக்கமான விஎன்சி கடவுச்சொல்லில் முதல் 8 எழுத்துதான் கணக்கு.

கன்சோல் பார்க்க வேண்டும் என்பதற்காக ரூட் (முழு அதிகாரமுள்ள நிர்வாகி) கடவுச்சொல்லைக் கொடுப்பதும் அதே ரகம். கன்சோல் பார்க்கும் உரிமை 'பிவிஈவிஎம்யூசர்' (PVEVMUser) ரோலிலேயே, அதாவது அந்த உரிமைத் தொகுப்பிலேயே, இருக்கிறது. அதை அந்தந்த விஎம்முக்கு மட்டும் கொடுங்கள். வேலை முடிந்ததும் லாக்அவுட் செய்யச் சொல்லுங்கள். பிரவுசர் டேப்பை மூடினால் விஎம்முக்குள் லாகின் அப்படியே இருக்கும், அடுத்து திறப்பவர் அதே ஷெல்லில் போய் உட்காருவார்.