கொலம்பைன் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதம் பிறந்தால் கனடாவின் ஒன்டாரியோ நர்சரிகளில் கொலம்பைன் என்ற பூச்செடியின் தொட்டிகள் வந்து இறங்கிவிடும். புதிதாக வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் ஒரே தவறுகளைத்தான் செய்கிறார்கள். தொடக்கத்தில் நானும் செய்தவைதான் அவை. வெயில், தண்ணீர் விவரமெல்லாம் தொட்டியில் செருகிய அட்டையிலேயே இருக்கிறது, அதை விட்டுவிடுகிறேன்.

வளர்ந்த செடியைப் பிரித்து நடுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. "ஹோஸ்டா இலைச்செடியை நான்காகப் பிரித்து நட்டேன், நான்கும் பிழைத்துவிட்டன. இதையும் பிரிக்கட்டுமா அக்கா?" என்று பக்கத்து வீட்டுத் தம்பி கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் மண்வெட்டி இறங்கிவிட்டது. மொட்டும் பூவுமாக நின்ற செடி. மண்ணை உதறினால், முள்ளங்கி போன்ற ஒற்றை வேர் பாதியில் அறுபட்டிருந்தது. மாலைக்குள் இலைகள் துவண்டுவிட்டன.

ஹோஸ்டா தூர்கட்டிப் பெருகும். பிரித்தால் ஒவ்வொரு தூரும் தன் வேரோடு வரும். கொலம்பைன் ஆணிவேரை நம்பி நிற்கும் செடி. அது அறுந்தபின் எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் பயனில்லை. தப்பிப் பிழைத்தாலும் அடுத்த ஆண்டு பூப்பது சந்தேகம். செடியின் ஆயுளே பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டுகள்தான்! இடம் மாற்றியே ஆக வேண்டுமானால், நான்கைந்து இலை விட்ட நாற்றாக இருக்கும்போதே தாய்மண்ணோடு அள்ளி எடுங்கள்.

வாடிய பூக்களையெல்லாம் கிள்ளுவது

சிலவற்றையாவது காய்க்க விடுங்கள். தாய்ச்செடி போனபின் பாத்தியைக் காப்பது விதைதான். காய் பழுத்துப் பழுப்பேறி நுனி வெடித்ததும் உள்ளே பளபளவென்று கறுப்பு விதைகள் தெரியும். இலையுதிர் காலத்தில் மண்மேல் தூவினால் போதும், மூட வேண்டாம். முளைக்க வெளிச்சம் வேண்டும். பனிக்காலக் குளிர் மற்றதைப் பார்த்துக்கொள்ளும். முதல் ஆண்டில் பெரும்பாலும் இலைதான்; பூவுக்கு மறு ஆண்டுவரை பொறுங்கள்.

பல வகைகளை நெருக்கி நடுவது

மகரந்தம் கலந்துவிடும். விதையில் அதே நிறம் வராது.

இலையில் வெள்ளைக் கோடு கண்டதும் மருந்தடிப்பது

இலைதுளைப்பான் புழு நெளிந்து போன தடம் அது, செடி சாகாது. சிவப்பும் மஞ்சளுமாகத் தலைகீழாகத் தொங்கும் உள்நாட்டு வகையில், மேல்நோக்கி நீண்ட ஐந்து வால்களின் நுனியில் தேன் இருக்கும். தெற்கிலிருந்து திரும்பும் ரீங்காரச்சிட்டுகள் அதைத் தேடி வருகின்றன. அந்தப் பூவிலா மருந்தடிப்பது? பூத்து முடிந்ததும் கெட்ட இலைகளை அடியோடு வெட்டுங்கள். புதிதாகத் தழைக்கும்.