குழந்தை நொண்டுகிறதா? இடுப்பு மூட்டைச் சோதிக்கும் வரிசை

முழங்கால் வலி என்று குழந்தை சொன்னாலும் இடுப்பைச் சோதிக்காமல் விடக்கூடாது. இரண்டு மூட்டுக்கும் பொதுவான நரம்புகள் உண்டு. வலி இடம் மாறித் தெரியும். முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்து ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்புவதில்தான் பல நோய்கள் தப்பிவிடுகின்றன.

குப்புறப் படுக்கவைத்து முழங்கால்களை 90 பாகைக்கு மடக்கி, பாதங்களை மெதுவாக வெளிப்பக்கம் சாயுங்கள். அப்போது தொடை உட்பக்கம் திரும்பும். வலியில்லாத காலை முதலில் பாருங்கள். ஒரு பக்கம் குறைவாகத் திரும்பினால் கோளாறு அந்த இடுப்பில்தான்.

அடுத்தது, மூட்டில் சீழ் பிடித்திருக்கிறதா என்பது. மற்ற காரணங்கள் பெரும்பாலும் காத்திருக்கலாம், இது காத்திருக்காது: சீழ் குருத்தெலும்பை அரிக்கும், உள்ளே அழுத்தம் ஏறினால் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போவதும் தடைபடும். 38.5 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், காலை ஊன்றவே மறுப்பது, இ.எஸ்.ஆர். (அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனை) 40-க்கு மேல், ரத்த வெள்ளணுக்கள் 12,000-க்கு மேல் என்ற நான்கில் எத்தனை உண்டு என்று எண்ணுங்கள்; எண்ணிக்கை கூடக்கூடச் சீழ் என்ற சந்தேகமும் கூடும். கோச்சர் குழு 1999-இல் வெளியிட்ட அளவுகோல் இது. அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தச் சோதனையான சி.ஆர்.பி. லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் மூட்டில் நீர் சேர்ந்திருப்பது தெரியும். அது சீழா என்பது ஊசியால் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். குழந்தை தாங்கும் நிலையில் இருந்தால், அதற்கு முன் ஆன்டிபயாடிக் கொடுக்காதீர்கள். ஆய்வகச் சோதனையில் கிருமி வளராமல் போகலாம். பச்சிளங்குழந்தைக்குக் காய்ச்சலே இல்லாமலும் இருக்கலாம். அப்போது துணி மாற்றும்போது வீறிடுவதும் ஒரு காலை அசைக்காததுமே அடையாளம்.

காய்ச்சலில்லை, சளி பிடித்துச் சில நாளாகிறது, வயது 3 முதல் 10, நொண்டியபடியாவது நடக்கிறது என்றால் பெரும்பாலும் தற்காலிக மூட்டுச்சவ்வு அழற்சி. ஓய்வும் வலிமருந்தும் போதும், ஓரிரு வாரத்தில் போய்விடும். டெங்கு சந்தேகம் இருந்தால் ஐபுப்ரோஃபென் வேண்டாம். மறுநாள் திரும்பப் பாருங்கள்; காய்ச்சல் வந்தால் கணக்கு முதலிலிருந்து.

வாரங்கள் கடந்தும் நொண்டும் 4–8 வயதுப் பையனுக்கு பெர்த்தஸ் நோயை (தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் குறைந்து அது சிதைவது) நினையுங்கள். முதல் எக்ஸ்ரே சரியாகவே இருக்கலாம், திரும்ப எடுக்க வேண்டும். பத்து வயதைத் தாண்டிய, உடல் பருத்த பிள்ளையின் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் தொடை எலும்பின் தலை நழுவியிருக்கலாம். உடனே நடப்பதை நிறுத்துங்கள், தவளைக்கால் நிலையிலும் (முழங்காலை மடக்கித் தொடையை வெளிப்பக்கம் விரித்து) எக்ஸ்ரே எடுங்கள்.

இரவில் எழுப்பும் வலி, வெளிறல், காரணமில்லாத கன்றல் இருந்தால் ரத்தப் புற்றுநோயா என்று அறிய ரத்த அணுக்களைப் பார்க்க வேண்டும். வீட்டில் காசநோயாளி இருந்து, வலி மெல்ல மெல்லக் கூடினால் இடுப்புக் காசநோயையும் நினையுங்கள்.