பணி ஓய்வுக்குப் பின் பொருளுள்ள வாழ்க்கை: குமரி மாவட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதலிடத்தைப் பெற்ற குமரி மாவட்டத்தில், ஆசிரியராகவோ செவிலியராகவோ அலுவலராகவோ பணியாற்றி ஓய்வு பெற்றவர்கள் ஊர்தோறும் இருக்கிறார்கள். பணி நிறைவு விழாவின் மாலையோடும் பொன்னாடையோடும் வீடு திரும்பும் இவர்களில் பலர், ஓய்வூதியக் கணக்கைப் பல ஆண்டுகளுக்கு முன்பே போட்டு வைத்திருப்பார்கள். மறுநாள் காலை பத்து மணிக்குத் தம்மை எதிர்பார்த்து யார் இருப்பார்கள் என்பதை மட்டும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

முதல் சில மாதங்களின் மகிழ்ச்சி அப்படியே நிலைக்கும் என்று நம்புவது ஒரு தவறு. ஓய்வுக் காலத்தைப் பல கட்டங்களாகப் பிரித்து 1976-இல் எழுதிய அமெரிக்கச் சமூகவியலாளர் ராபர்ட் ஆட்ச்லி, தொடக்கத்துத் தேன்நிலவுக் காலத்தை அடுத்து ஏமாற்றம் வரலாம் என்றும், அதன் பிறகே பலர் வாழ்வை மறுபடி ஒழுங்குபடுத்திக்கொள்கிறார்கள் என்றும் விளக்கினார். ஆகவே இடையில் வரும் வெறுமையைத் தம்முடைய குறையாக எவரும் கருத வேண்டியதில்லை. ஆனால் உறக்கமின்மையும் எதிலும் நாட்டமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், வயதின் இயல்பு என்று விட்டுவிடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

நம் மாவட்டத்துக்கே உரிய தவறு ஒன்று உண்டு. பணிக்கொடையாக வந்த தொகை முழுவதையும் போட்டு மேற்குப் பகுதியில் ஒரு விளையை, அதாவது தோட்ட நிலத்தை வாங்கி, அதில் ரப்பர் நட்டுவிட்டால் பொழுதுக்கும் வருமானத்துக்கும் வழி பிறந்துவிடும் என்று கணக்கிடுகிறார்கள். ரப்பர் பால் வெட்டும் பருவத்தை அடைய ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆகும். 60 வயதில் நடுகிறவர் 67 வயதில், அதிகாலையில் பால் வெட்ட ஆள் கிடைக்குமா என்று அலைய வேண்டியிருக்கும். மழைக்காலமும் சந்தை விலையும் அவர் கையில் இல்லை. மண்ணில் உண்மையான ஈடுபாடு உடையவருக்கு வீட்டை ஒட்டிப் மட்டி, செந்துளுவன் வகை வாழையில் பத்து மூடு போதும். அவை ஏறக்குறைய ஓராண்டில் குலை தள்ளிவிடும். சேமிப்பும் கைவிட்டுப் போகாது.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, இழந்த நாற்காலிக்கு ஈடாக இன்னொரு நாற்காலியைத் தேடுவது என்று கருதுகிறேன். ஓய்வு பெற்ற மறு ஆண்டே ஊர்க் கமிட்டி, கோயில் கமிட்டி, சபைக் கமிட்டி என்று பொறுப்புகளுக்குப் போட்டியிட்டு, உறவினரோடு பகை தேடிக்கொண்டவர்களைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது. அவர்களிடம் உள்ள அறிவைத் தேடி வருபவர்கள் வேறிடத்தில் காத்திருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை இம்மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்ததால், பழைய நிலப் பத்திரங்கள் பல மலையாளத்தில் உள்ளன. அவற்றை வாசித்துப் பொருள் சொல்ல ஆளில்லாமல் குடும்பங்கள் தவிக்கின்றன. மலையாள எழுத்து தெரிந்த ஓய்வு பெற்ற ஆசிரியர் வாரத்தில் ஒரு மாலை வாசகசாலையில் உட்கார்ந்தாலே அவரைத் தேடி மக்கள் வருவார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் சட்டத் தன்னார்வலர் திட்டமும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களையும் அரசு ஊழியர்களையும் ஏற்கிறது. இத்தகைய வேலைகளுக்கு நாளையும் நேரத்தையும் குறித்து ஒப்புக்கொள்ள வேண்டும். முடியும்போது வருகிறேன் என்று சொல்பவரை யாரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

சென்னையிலோ வளைகுடா நாட்டிலோ இருக்கும் பிள்ளைகளின் வீட்டையே முழு வாழ்க்கையாக்கிக்கொள்வதும் சரியன்று. பேரப்பிள்ளை பள்ளிக்குச் செல்லத் தொடங்கியதும் அந்த நாள்களும் வெறுமையாகிவிடும்.

பெண்களைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். முப்பது ஆண்டுகள் வகுப்பில் நின்ற ஆசிரியைக்கு ஓய்வு என்பது அடுக்களையில் முழுநேர வேலையாகவும், பிள்ளைகளின் பிரசவத்துக்கு அனுப்பப்படும் துணையாகவும் மாறிவிடுகிறது. அவருக்கு என்ன விருப்பம் என்று வீட்டில் ஒருவரும் கேட்பதில்லை. பணியின் கடைசி ஆண்டிலேயே கணவனும் மனைவியும் பிள்ளைகளும் உட்கார்ந்து, சமையலை யார் யார் பகிர்ந்துகொள்வது, வாரத்தில் எந்தெந்த நேரம் அவருக்கு மட்டுமே உரியது என்பதைப் பேசி முடிவு செய்துவிட வேண்டும்.