மடிக்கணினியில் கேஷ் அட்டை: பயன் தருகிறதா என்று சோதிப்பது எப்படி?

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் உள்ள என் பழுதுபார்க்கும் மேசைக்குச் சென்ற மாதம் ஒரு மடிக்கணினி வந்தது. பாலக்காட்டில் கல்லூரியில் படிக்கும் மகளுக்காகத் தந்தை ஒருவர் பழைய கணினிக் கடையில் வாங்கியது அது. விலைச்சீட்டில் ‘20 ஜிபி மெமரி’ என்று எழுதியிருந்தது. அடிமூடியைக் கழற்றிப் பார்த்தபோது ரேம் 4 ஜிபி மட்டுமே இருந்தது. மீதி 16 ஜிபி, எம்.2 இணைப்பில் செருகியிருந்த ஆப்டேன் அட்டை; அது இன்டெலின் கேஷ் அட்டை, அதாவது அடிக்கடி தேவைப்படும் தரவின் நகலைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பது. இரண்டையும் கூட்டி எழுதியது தவறு. ரேம் போதாத கணினிக்குக் கேஷ் அட்டை ரேம் ஆகாது.

அந்த அட்டை என்ன செய்கிறது என்பதைச் சமையலறையில் பார்க்கலாம். அன்றாடம் வேண்டிய கடுகும் சீரகமும் அடுப்பருகே அஞ்சறைப் பெட்டியில் இருக்கும். மற்றவற்றை எடுக்க உள்ளறைக்குப் போக வேண்டும். மடிக்கணினிகளில் வழக்கமாக வரும் 5400 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 5400 சுற்று) ஹார்டு டிஸ்க்கின் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற ஏறக்குறைய 11 மில்லி விநாடி ஆகிறது. முள் நகரும் நேரத்தையும் சேர்த்தால், அங்கும் இங்கும் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை அது விநாடிக்கு நூறு முறைகூடத் தேடி எடுக்க முடியாது. விண்டோஸ் தொடங்கும்போது தேவைப்படுபவை பெரும்பாலும் இத்தகைய சிறு கோப்புகள்தாம். அடிக்கடி கேட்கப்படுபவற்றின் நகலைக் கேஷ் அட்டையில் வைத்துக்கொண்டால் தட்டு சுழன்று வரக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே கேஷ் பயன் தருமா என்ற கேள்விக்கு விடை, அதன் அடியில் எந்த டிஸ்க் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அடியில் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாமல் சில்லுகளில் தரவை வைக்கும் டிஸ்க்) இருந்தால் மிச்சப்படுத்த அதிகம் எதுவும் இல்லை.

இந்த எண்ணம் புதிதன்று. 2007இல் இன்டெல் வெளியிட்ட டர்போ மெமரி அட்டைகள் 512 எம்பி, 1 ஜிபி அளவுகளில் வந்தன; அவ்வளவு சிறிய இடத்தில் வைக்க முடிந்தது கொஞ்சமே. 2010இல் ஹார்டு டிஸ்க் நிறுவனமான சீகேட் 4 ஜிபி ஃபிளாஷ் நினைவகத்தை ஹார்டு டிஸ்க்கின் உள்ளேயே வைத்தது. 2017இல் வந்த 16, 32 ஜிபி ஆப்டேன் அட்டைகளே இவற்றில் உண்மையான வேகம் காட்டியவை என்பது என் கருத்து. ஆப்டேன் தொழிலிலிருந்து விலகுவதாக 2022இல் இன்டெல் அறிவித்துவிட்டது.

உங்கள் கணினியில் இது இருக்கிறதா என்று அறிய, டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸ் பகுதியைத் திறந்து பாருங்கள். கேஷ் இயங்கினால் ஆப்டேன் என்ற பெயரும் ஹார்டு டிஸ்க்கின் அளவும் சேர்ந்து ஒரே சாதனமாகத் தெரியும்.

அடுத்து, பயனை அளக்க வேண்டும். ஷட்டவுன் செய்து மீண்டும் போட்டால் முந்தைய நிலையைச் சேமித்து வைத்து விரைவாகத் தொடங்கும் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி கணக்கைக் குழப்பும். ஆகையால் ரீஸ்டார்ட் மட்டுமே செய்யுங்கள். நான்கு முறை ரீஸ்டார்ட் செய்து, ஒவ்வொரு முறையும் பிரவுசர் திறந்து முதல் பக்கம் தெரியும்வரை ஆகும் நேரத்தைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பல வாரங்களாகத் தொடாத பெரிய மென்பொருள் ஒன்றைத் திறந்து பாருங்கள். அது பழைய மந்தத்துடனேயே திறக்கும், ஏனெனில் கேஷுக்கு அது இன்னும் அறிமுகமாகவில்லை. நாள்தோறும் அதே நாலைந்து மென்பொருள்களைப் பயன்படுத்துபவருக்குக் கேஷ் நன்றாக உதவும். வீடியோ தொகுப்பவருக்கும் பெரிய கோப்புகளை நகலெடுப்பவருக்கும் ஏறத்தாழ உதவாது. கணினி திணறும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரையும் பாருங்கள். டிஸ்க் 100 விழுக்காட்டில் நிற்க, மெமரியில் இடம் இருந்தால் குற்றம் ஹார்டு டிஸ்க்கினுடையது. மெமரியும் நிரம்பியிருந்தால் முதலில் ரேமைக் கூட்டுங்கள்.

இனி மிகக் கவனமாகச் செய்ய வேண்டிய பகுதி. கேஷ் இயங்கும்போது அட்டையை நேரடியாகப் பிடுங்கக் கூடாது. ஹார்டு டிஸ்க்கில் இன்னும் எழுதப்படாத தரவு அட்டையில் மட்டுமே இருக்கக்கூடும். பிடுங்கினால் விண்டோஸ் தொடங்காமலும் போகலாம், கோப்புகள் அழியவும் செய்யலாம். முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, பின்பு இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் மென்பொருளில் ஆப்டேனை டிஸேபிள் செய்து, ரீஸ்டார்ட் ஆன பிறகே அட்டையைக் கழற்றுங்கள்.

நம் பகுதியில் இதை வலியுறுத்த வேறொரு காரணமும் உண்டு. கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் கற்றுத் தருவதால், பிள்ளைகள் வீட்டுக் கணினியிலும் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவை நிறுவ விரும்புகிறார்கள். இந்த ஆப்டேன் கேஷ் விண்டோஸுக்கானது. கணினி தொடங்கும்போது முதலில் இயங்கும் பயாஸ் அமைப்பில் ஆர்எஸ்டி (ரேபிட் ஸ்டோரேஜ்) முறை இருக்கும்போது உபுண்டு நிறுவியால் டிஸ்க்கைச் சரியாகக் கையாள முடியாது. ஆகவே நகலெடுத்து, கேஷை நிறுத்தி, பயாஸில் ஏஎச்சிஐ என்ற வழக்கமான டிஸ்க் முறைக்கு மாற்றிய பின்னரே நிறுவலைத் தொடங்க வேண்டும். முறையை மாற்றியதும் பழைய விண்டோஸ் தொடங்காமல் போகலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேஷ் அட்டையைப் புதிதாக வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம் என்பேன். அந்தப் பணத்தோடு சிறிது சேர்த்து எஸ்எஸ்டி வாங்கி முழு விண்டோஸையும் அதில் வைத்தால், எது அடிக்கடி தேவை என்று ஊகிக்கும் வேலையே இருக்காது. பழைய கணினியென்றால் ஹார்டு டிஸ்க் இருந்த இடத்திலேயே இரண்டரை அங்குல சாட்டா (ஹார்டு டிஸ்க்கின் அதே இணைப்பு) எஸ்எஸ்டி பொருந்தும். ஆப்டேன் அட்டை இருந்த எம்.2 இணைப்பில் சாட்டாவைவிட வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி பொருத்த விரும்பினால், அந்த மாடல் அதை ஏற்குமா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மேசைக்கு வந்த அந்தக் கணினியில் கேஷை நிறுத்தி, ரேமை 8 ஜிபி ஆக்கி, 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டியைப் பொருத்தினேன். பழைய ஹார்டு டிஸ்க்கை ஒரு யூஎஸ்பி உறையில் இட்டு, பாடக் குறிப்புகளின் நகல் வைக்க அந்தப் பெண்ணிடமே கொடுத்துவிட்டேன்.